ஊரடங்கில் முதியோர் கூட்டம்



மும்பை மாநகரின் மாடுங்காப் பகுதியை அறிந்தவர்களுக்கு அங்குள்ள மாலை வேளையைப் பற்றி நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. ரயில் நிலையத்தை அடுத்த பூக்கடைகளில் மல்லிகையும் கதம்பமும் வந்து இறங்கும். காப்பிக்கொட்டை வறுக்கும் மணம் தெருவெல்லாம் பரவும். அவ்வேளையில் ஐந்து தோட்டங்களின் ஓரத்திலும் கிங்ஸ் சர்க்கிள் பூங்காவிலும் பெரியவர்கள் சிலர் கூடியிருப்பதைக் காணலாம். ஒருவர் ரயில்வேயில் தலைமை எழுத்தராக இருந்தவர். ஒருவர் துறைமுகத்தில் கணக்கராக இருந்தவர். மற்றொருவர் வங்கியிலோ இன்ஷூரன்ஸிலோ முப்பத்தைந்து ஆண்டு உழைத்து ஓய்வு பெற்றவர். அகவிலைப்படியிலிருந்து அண்மையில் கேட்ட கச்சேரி வரையில் அவர்கள் பேசாத பொருளில்லை.

இத்தகைய கூட்டங்கள் பொழுதுபோக்குக்காக ஏற்பட்டவை என்று இளைஞர் பலர் எண்ணுகின்றனர். நாமும் ஒரு காலத்தில் அவ்வாறே எண்ணியிருந்தோம். சொந்த ஊரில் முதுமை அடைபவருக்குத் திண்ணை உண்டு, கோயில் உண்டு, பெயர் சொல்லி அழைக்கும் உறவினர் உண்டு. சுருக்கெழுத்தும் தட்டச்சும் கற்றுக்கொண்டு இருபது வயதில் ரயில் ஏறி வந்தவருக்கோ, அலுவலகமே ஊராகவும் உடன் பணியாற்றியோரே உற்றாராகவும் அமைந்துவிடுகின்றனர். ஓய்வு பெறும் நாளில் அவர் தமது இரண்டாவது ஊரையும் இழக்கிறார். அந்த இழப்பை ஈடு செய்வதற்காக அவரே தேடிக்கொள்ளும் மூன்றாவது ஊர்தான் இந்த மாலைக் கூட்டம்.

மும்பைத் தமிழர் இத்தகைய அமைப்புகளுக்குப் புதியவரல்லர். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்காக வந்தவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தாராவியில் குடியேறினர். மாடுங்காவில் நிலைபெற்றவர்கள் 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கத்தைத் தொடங்கினர். சண்முகானந்த சங்கீத சபை 1952இல் தோன்றியது. பின்னர்ச் செம்பூரிலும் தமிழ்க் குடும்பங்கள் பெருகின. மராட்டிய மக்களிடையேயும் பேட்டைதோறும் ‘ஜ்யேஷ்ட நாகரிக் சங்கம்’ என்னும் மூத்தோர் சங்கங்கள் உண்டு. சிரிப்பையே உடற்பயிற்சியாகக் கொள்ளும் சிரிப்பு மன்றம் என்ற இயக்கம் இந்நகரத்துப் பூங்கா ஒன்றில் 1995ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், டாக்டர் மதன் கட்டாரியா என்பவரால், ஐந்தே பேருடன் தொடங்கப்பெற்று இன்று பல நாடுகளில் பரவியுள்ளது. அதே ஆண்டில் மும்பையில் நிறுவப்பெற்ற டிக்னிட்டி ஃபவுண்டேஷன் என்னும் அமைப்பு, முதியோர் கூடித் தேநீர் அருந்தி ஆடிப் பாடுவதற்கென்றே ‘சாய் மஸ்தி’ என்ற பெயரில் நிலையங்களை நடத்தி வருகின்றது.

நாம் நெருங்கி அறிந்த குழு இவற்றைப் போன்று பெரியதன்று. அதற்குப் பெயர்ப் பலகை கிடையாது. பதிவு எண்ணும் கிடையாது. ஞாயிறுதோறும் மாலை ஐந்து மணிக்கு, மாடுங்காவில் அன்பர் ஒருவர் இரவலாகத் தந்த மாடி அறையில் அது கூடும். நம் தந்தையார் அதில் ஓர் உறுப்பினர். மாடுங்காவிலிருந்தும் செம்பூரிலிருந்தும் வருவோரே மிகுதி. தாராவியிலிருந்தும் மூவர் வருவர். அம்மூவருள் ஒருவர் தோல் பட்டறையில் நாற்பது ஆண்டு வேலை பார்த்தவர். நெல்லைப் பகுதியினர். அவரை எல்லோரும் ‘அண்ணாச்சி’ என்றே அழைப்பர்.

2020ஆம் ஆண்டு மார்ச்சு 11ஆம் நாள், கொரோனா நோயைப் பெருந்தொற்று என்று உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது. 22ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை நாடெங்கும் மக்கள் ஊரடங்கு கடைப்பிடிக்கப்பெற்றது. அன்றுதான் நமது குழுவின் கூட்டம் முதன்முதலாக நின்றது. 24ஆம் நாள் இரவு, 21 நாள் முழு ஊரடங்கு அறிவிக்கப்பட்டது. மும்பையின் உயிர்நாடியான புறநகர் ரயில்கள் ஓயாது ஓடிய தண்டவாளங்களில் அமைதி குடிகொண்டது. பின்னர் மே முதல் நாள் மத்திய உள்துறை அமைச்சகம் பிறப்பித்த உத்தரவில், 65 வயதைக் கடந்தோர் இன்றியமையாத தேவையும் மருத்துவத் தேவையும் தவிர மற்றவற்றுக்கு வீட்டைவிட்டு வெளிவரலாகாது என்று கூறப்பட்டிருந்தது. முதியோரின் உயிரைக் காக்கும் பொருட்டு எழுந்த விதி அது. அதன் தேவையை யாரும் மறுக்கவில்லை. எனினும், உயிரைக் காக்கும் கதவு உறவை அடைக்கும் கதவாகவும் ஆயிற்று. நம் தந்தையார் மாலை ஐந்து மணியானதும் சட்டையை மாற்றிக்கொண்டு, கைத்தடியை எடுத்து, வாயில் வரையில் சென்று திரும்பி வந்து நாற்காலியில் அமர்வார். இதனை நாம் பல நாள் கண்டோம்.

சித்திரைத் திருநாளுக்கு அடுத்து வந்த ஞாயிறு, ஏப்ரல் 19ஆம் நாள், செயலாளரின் பேத்தி ‘ஜூம்’ என்னும் இணையவழிக் கூட்டத்துக்கு ஏற்பாடு செய்தாள். கட்டணமின்றி நடத்தும் கூட்டம் நாற்பது நிமிடத்தில் தானே முடிந்துவிடும் என்பது அந்நிறுவனத்தின் விதி. முதற்கூட்டத்தின் நாற்பது நிமிடமும், “நான் பேசுவது கேட்கிறதா?” என்ற ஒரே வினாவில் கழிந்தது. ஒரு சதுரத்தில் சுழலும் மின்விசிறி தெரிந்தது. ஒன்றில் நெற்றி மட்டும் தெரிந்தது. ஒன்றில் காது தெரிந்தது, தொலைபேசியைக் காதில் வைத்துப் பேசும் பழக்கத்தை விடுவது அவ்வளவு எளிதன்று.

நாம் மத்திய அரசின் அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்புப் பணியில் இருப்பவர். ஆதலால் கூட்டத்தில் சேரும் முறையைத் தமிழில் எழுதித் தருமாறு பெரியோர் நம்மைப் பணித்தனர். நாமும் மிக்க ஊக்கத்துடன் ஒரு தாள் முழுதும் எழுதினோம். ‘இணைப்பைச் சொடுக்குக’, ‘ஒலிமுடக்கத்தை நீக்குக’, ‘காணொலியை இயக்குக’ என்றவாறு அமைந்திருந்தது அத்தாள். அதனை எல்லோருக்கும் அனுப்பிவிட்டுக் கடமை முடிந்ததென்று மகிழ்ந்திருந்தோம். மறுநாள் செம்பூர்ப் பெரியவர் ஒருவர் தொலைபேசியில், “தம்பி, நீங்கள் எழுதியபடியே சொடுக்கினேன், ஒன்றும் நடக்கவில்லை” என்றார். எவ்வாறு சொடுக்கினீர்கள் என்று கேட்டோம். திரைக்கு முன்னால் விரலைச் சொடுக்கியதாகச் சொன்னார். அவர் மீது என்ன பிழை? சொடுக்குதல் என்ற சொல்லுக்கு அவர் எழுபத்தைந்து ஆண்டுகளாக அறிந்த பொருள் அதுவே அன்றோ?

அன்றிரவே அத்தாளைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினோம். ‘நீல நிற எழுத்தின் மேல் விரலை வைத்து எடுங்கள். சற்று நேரம் ஒன்றும் தெரியாவிட்டால் அஞ்ச வேண்டாம். கீழே மைக் படம் இருக்கும். அதன் மேல் சிவப்புக் கோடு இருந்தால் உங்கள் குரல் எங்களுக்குக் கேட்காது. அதை ஒரு முறை தொடுங்கள்.’ இவ்வாறு ஏழே வரிகள். இருபது ஆண்டு மொழிபெயர்ப்புப் பணியில் நாம் எழுதியவற்றுள் படித்தவர் உடனே பயன்கொண்டது இந்த ஏழு வரிகளாகத்தான் இருக்கும்.

மே மாதத்திற்குள் கூட்டம் ஓர் ஒழுங்குக்கு வந்தது. ஒரு ஞாயிறு ஓய்வூதியச் செய்திகள். ஒரு ஞாயிறு நூல் அறிமுகம். ஒரு ஞாயிறு இசை. ஒரு ஞாயிறு பழைய நினைவுகள். இசை நாளில் ஒரு தடை ஏற்பட்டது. எல்லோரும் சேர்ந்து பாடத் தொடங்கினால் குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சிதறி ஒலித்தன. இணையத்தில் குரல் சிறு சிறு கூறுகளாகப் பகுக்கப்பெற்று, தொலைவிலுள்ள கணினி நிலையங்கள் வழியாகச் சென்று சேர்வதால், நொடியின் ஒரு பகுதி காலத் தாழ்வு நேர்கிறது. பேச்சுக்கு அது பெரிதன்று. தாளத்துக்கோ அது பகை. ஆகவே ஒருவர் பாட, மற்றவர் தத்தம் வீட்டில் ஒலியை அடக்கிக்கொண்டு உடன் பாடுவது என்று முடிவாயிற்று. தன் குரல் எவருக்கும் கேளாதென்று தெரிந்தும் இருபது வீடுகளில் இருபது பேர் வாய்விட்டுப் பாடினர். அவ்வாண்டு டிசம்பரில் சென்னையின் சபைகளும் மியூசிக் அகாதெமியும் மார்கழிக் கச்சேரிகளை இணையவழியே நடத்தின. டிக்னிட்டி ஃபவுண்டேஷனும் சிரிப்பு மன்றங்களும் தம் கூட்டங்களைத் திரைக்கு மாற்றிக்கொண்டன. பெரிய அமைப்புகள் கண்ட வழியை நமது சிறு குழுவும் தன் அளவில் கண்டுகொண்டது எனலாம்.

எதிர்பாராத நன்மையும் ஒன்று விளைந்தது. உறுப்பினர் ஒருவரின் துணைவியார், வயது 71, மாடி அறைக்கு வரும்போதெல்லாம் காப்பிக் கூஜாவுடன் வருவார், ஓரத்தில் அமர்வார், பேசமாட்டார். பேச அவருக்கு இடமிருந்ததில்லை என்பதே உண்மை. திரையில் எல்லோருக்கும் ஒரே அளவான சதுரம். செயலாளர் பெயர் சொல்லி அழைத்து ஆளுக்கு மூன்று நிமிடம் தந்தார். அம்மையார் தம் முறை வந்தபோது, 1969இல் புதுமணப் பெண்ணாகச் செம்பூருக்கு வந்ததையும், காய்கறி விற்பவளிடம் மராத்தி கற்றதையும், அவளே பின்னர்த் தம் பிரசவத்துக்குத் துணை நின்றதையும் சொன்னார். மூன்று நிமிடம் கடந்தும் செயலாளர் மணியடிக்கவில்லை. ஐம்பது ஆண்டு உடன் வாழ்ந்த கணவர், “இது எனக்கே தெரியாதே” என்றார்.

கூட்டத்தின் தொடக்கத்தில் செயலாளர் வருகைப் பதிவு எடுப்பார். ரயில்வேப் பழக்கம். பெயர் அழைத்தும் விடை வராதவருக்கு ஒரு மணி நேரத்துக்குள் யாரேனும் ஒருவர் தொலைபேசியில் பேச வேண்டும் என்பது விதி. ஜூன் மாதத்தில் ஒரு ஞாயிறு, செம்பூரில் தனியே வாழும் ஒருவர் வரவில்லை, தொலைபேசியையும் எடுக்கவில்லை. குடியிருப்புக் காவலரை அழைத்துக் கதவைத் தட்டச் செய்தனர். அவர் குளியலறையில் வழுக்கி விழுந்து, மணிக்கட்டு முறிந்து, எழமுடியாமல் கிடந்திருக்கிறார். காலையில் விழுந்தவர் மாலையில் காப்பாற்றப்பட்டார். விளையாட்டுப்போல் நடந்த வருகைப் பதிவின் பெருமையை அன்று அனைவரும் உணர்ந்தனர்.

ஆயின், அன்பர்களே, அந்தப் பதிவேட்டில் ஒரு பெருங்குறை இருந்தது. அதனை நாம் மறைக்காமல் சொல்லவேண்டும். வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்தவர்களின் பெயர்களைக் கொண்டே அப்பதிவேடு எழுதப்பட்டது, எழுதியவர் நாமே. தாராவி உறுப்பினர் மூவரும் அக்குழுவில் இல்லை. பதிவேட்டில் பெயர் இல்லாதவர் வராமற் போனால் வரவில்லை என்று எவருக்கும் தெரியாது. ஏப்ரல், மே, ஜூன், ஜூலை என நான்கு மாதம் கழிந்தன.

அம்மாதங்களில் தாராவி பட்ட பாடு உலகமே அறிந்தது. ஏறத்தாழ இரண்டரைச் சதுரக் கிலோமீட்டருக்குள் பல இலட்சம் மக்கள் வாழும் இடம் அது. ஏப்ரல் முதல் நாள் அங்கே முதல் நோயாளி கண்டறியப்பட்டு அன்றே உயிர் நீத்தார். மாநகராட்சியினரும் மருத்துவர்களும் வீடு வீடாகச் சென்று காய்ச்சலைச் சோதித்தனர், முகாம்கள் அமைத்தனர், பொதுக் கழிப்பறைகளை நாள்தோறும் மருந்திட்டுத் தூய்மை செய்தனர். ஜூலை 10ஆம் நாள் உலகச் சுகாதார நிறுவனத்தின் தலைவர், நோயைக் கட்டுப்படுத்திய இடங்களுள் ஒன்றாகத் தாராவியின் பெயரைக் குறிப்பிட்டார். இவற்றையெல்லாம் நமது கூட்டத்தில் செய்தியாகப் படித்துப் பேசினோம். அங்கே நமக்குத் தெரிந்த மூவர் இருக்கின்றனர் என்பது எவர் நினைவுக்கும் வரவில்லை. மாடுங்காவிலிருந்து தாராவி நடந்து செல்லும் தொலைவுதான். அத்தொலைவு அன்று எவ்வளவு நீண்டிருந்தது என்று எண்ணும்போது நாணமுறுகிறோம்.

ஆகஸ்டு 22, விநாயக சதுர்த்தி. ஆண்டுதோறும் அந்நாளில் அண்ணாச்சி ஒரு பையில் அவல் பொரியும் கடலையும் கொண்டுவந்து தருவது வழக்கம். கொழுக்கட்டையை முன்னே வைத்துக்கொண்டு நம் தந்தையார், “அண்ணாச்சி பேசினாரா?” என்று கேட்டார். வீட்டில் யாரும் விடை சொல்லவில்லை. பழைய நாட்குறிப்பைத் தேடி எண்ணைக் கண்டுபிடித்து அழைத்தோம். இரண்டாம் மணியிலேயே எடுத்தார்.

நலமாக இருந்தார். பத்தடிக்குப் பத்தடி அறையில் ஐந்து பேர். தொடுதிரைக் கைப்பேசி ஒன்றே ஒன்று. அதில் பேரனின் பள்ளி வகுப்பு நடந்தது. அண்ணாச்சியிடம் இருந்ததோ பொத்தான் வைத்த பழைய கைப்பேசி. நாம் முதலில் எழுதிய தாளை யாரோ அச்செடுத்து அவரிடம் சேர்த்திருக்கின்றனர். “காயிதம் வந்துச்சு தம்பி. எழுத்துக்கூட்டிப் படிச்சேன். ஒண்ணும் வெளங்கல. யாராவது ஒருத்தர் கூப்பிடுவீகன்னு இருந்தேன்” என்றார். அதில் கோபம் இல்லை. கோபித்திருந்தால் நமக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

அடுத்த ஞாயிறு நாம் செய்தது மிக எளியதொரு காரியம். கணினியில் கூட்டம் தொடங்கியதும், நமது கைப்பேசியில் அண்ணாச்சியை அழைத்து, ஒலிபெருக்கியைத் திறந்து, கணினியின் அருகே வைத்தோம். அவர் பூட்டிய பட்டறையின் படியில் அமர்ந்து பேசினார். மற்ற இருவரையும் வேறிருவர் தத்தம் தொலைபேசியில் அவ்வாறே இணைத்தனர். காய்ச்சல் முகாமில் வரிசையில் நின்றதையும், பக்கத்து வீட்டார் சிறப்பு ரயிலில் ஊர் திரும்பியதையும், நோயுற்றுத் தனிமைப்படுத்தப்பட்டவரின் வீட்டுக்குத் தெருவார் அரிசி சேர்த்ததையும் அண்ணாச்சி கூறினார். தொலைக்காட்சியில் தாராவியைப் பார்த்து அஞ்சியிருந்த பெரியவர்கள், அங்கு வாழ்பவர் வாயிலாக அதனைக் கேட்டனர். கூட்டம் நாற்பது நிமிடத்தில் அறுந்தது. உடனே மீண்டும் தொடங்கச் செய்தனர்.

அதன் பின்னர்ப் பதிவேடு காகிதத்தில், கையால், அனைவர் பெயருடனும் எழுதப்பட்டது. நவம்பரில் ஓய்வூதியர் உயிர்ச் சான்று அளிக்கவேண்டிய காலம் வந்தபோது, மத்திய அரசு அவ்வாண்டு கால நீட்டிப்பு அளித்ததையும், தபால்காரரே வீட்டுக்கு வந்து விரல் ரேகை பெற்று மின்னணுச் சான்று பதியும் வசதியையும் ஒவ்வொருவருக்கும் தொலைபேசியில் விளக்கினோம். 2021 மார்ச்சு முதல் நாள், அறுபது வயது கடந்தோருக்குத் தடுப்பூசி தொடங்கியபோது, பெயர் பதியத் தெரியாதவருக்குத் தெரிந்தவர் பதிந்து கொடுத்தனர். அவ்வாண்டு கோடையில் இரண்டாம் அலை வந்தது. நமது குழுவில் இருவரை இழந்தோம். இறுதிச் சடங்கில் இருபது பேருக்கு மேல் கூடலாகாது என்ற நிலையில், திரையில் இரங்கற்கூட்டம் நடந்தது. அழும்போது தோளைத் தொட ஒரு கை வேண்டும். அதனைத் திரை தராது. நம்மால் இயன்றது, கூட்டம் முடிந்த பின்னும் யாரும் முதலில் விலகாமல் சற்று நேரம் அப்படியே அமர்ந்திருந்ததுதான்.

2021 ஆகஸ்டு 15 முதல் தடுப்பூசி இரண்டும் போட்டுக்கொண்டவர்கள் புறநகர் ரயிலில் செல்ல இசைவு கிடைத்தது. மாடி அறையும் திறந்தது. இனித் திரைக் கூட்டம் எதற்கு என்று சிலர் கேட்டனர். மாடிப்படி ஏறமுடியாதவர் நால்வர், மகனுடன் பெங்களூருக்குப் போய்விட்டவர் ஒருவர், அந்தக் காப்பிக் கூஜா அம்மையார் ஆகியோர் அது வேண்டும் என்றனர். நெடுநேர வாதத்துக்குப் பின், மாதத்தில் மூன்று ஞாயிறு அறையிலும் ஒரு ஞாயிறு திரையிலும் கூடுவதென்றும், அறையிலும் ஆளுக்கு மூன்று நிமிட முறையே நடப்பதென்றும் முடிவு செய்தனர். அது இன்றும் தொடர்கிறது.

உலகில் ஆறு பேருக்கு ஒருவர் தனிமையால் துன்புறுவதாக உலகச் சுகாதார நிறுவனம் 2025இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. பெருந்தொற்று நீங்கியது, தனிமை நீங்கவில்லை. ஆகவே தில்லியிலோ கொல்கத்தாவிலோ ஆமதாபாத்திலோ இவ்வாறு ஒரு குழு வைத்திருக்கும் அன்பர்களுக்கு நாம் கூற விழைவன சிலவே. உறுப்பினர் பெயர்களைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். எந்தக் கருவி இருக்கிறது என்று பார்த்து எழுதாதீர்கள். வராதவரை அன்றே அழையுங்கள். வங்கியின் ரகசிய எண்ணை எவர் கேட்டாலும் சொல்லலாகாது என்பதைக் கூட்டந்தோறும் நினைவூட்டுங்கள். ஏமாந்தவர் தயங்காது 1930 என்ற எண்ணில் முறையிடலாம். முதியோர் உதவிக்கென 14567 என்ற எண்ணும் உண்டு. குழுவில் இளையவர் இருந்தால், எழுதி அனுப்பியதோடு நில்லாமல் ஒரு முறை பேசவும் செய்யுங்கள். இது நாம் பிழை செய்து கற்ற பாடம்.

சென்ற விநாயக சதுர்த்தியன்று அண்ணாச்சி அவல் பொரிப் பையுடன் நம் இல்லம் வந்தார். அவரிடம் இப்போது தொடுதிரைக் கைப்பேசி இருக்கிறது. பேரன் வாங்கித் தந்தானாம். அதில் கூட்டத்துக்கு வரத் தெரியும். எனினும் ஞாயிறு மாலை நான்கரை மணிக்கு நம் தந்தையாரைத் தொலைபேசியில் அழைத்து, “கிளம்பியாச்சா?” என்று கேட்டுவிட்டுத்தான் புறப்படுகிறார்.